முப்பது நாளில் மறையும் கடிதங்கள்

ஜீமெயிலின் ஸ்பாம் பெட்டிக்குள் விழும் கடிதத்துக்கு ஆயுள் 30 நாள். அதற்குள் உரியவர் கண்ணில் படாவிட்டால் அது தானாகவே அழிந்துபோகும். அழிக்கப் போகிறோம் என்று முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. அனுப்பியவருக்கும் தெரிவதில்லை. அவர் 'நான் அனுப்பிவிட்டேன்' என்பார், பெற வேண்டியவர் 'எனக்கு வரவே இல்லை' என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். நடுவில் ஒரு பிள்ளையின் நேர்முகத் தேர்வோ ஒரு குடும்பத்தின் விசாவோ கைநழுவிப் போயிருக்கும்.

மன்னாரில் இருப்பவர்களுக்கு இந்த இழப்பு கூடுதலாக வலிக்கும். கொழும்பு இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு திணைக்களத்துக்கு நேரில் போய் 'என்ர விண்ணப்பம் என்ன மாதிரி?' என்று கேட்பதென்றால் இரவு பஸ், இரண்டு நாள் உழைப்பு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் போகும். அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் பேசாலையிலும் வங்காலையிலும் எருக்கலம்பிட்டியிலும் முருங்கனிலும் சனம் மின்னஞ்சல் முகவரி எடுத்தது. உறவுகள் புத்தளத்திலும் தமிழ்நாட்டிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் பிரிந்து கிடக்கிற மாவட்டம் இது. கனடாவின் குடிவரவுத் திணைக்களம் கைரேகை கொடுக்கச் சொல்லி அனுப்பும் கடிதத்தில் தரும் அவகாசமும் 30 நாள்தான். அந்தக் கடிதம் ஸ்பாமுக்குள் போய்விட்டால், அது அழியும் நாளும் அவகாசம் முடியும் நாளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

'ஒண்டும் வரேல்லை அக்கா'

மன்னார் நகரத்தில் போட்டோகொப்பி எடுக்கிற, படிவம் நிரப்பிக் கொடுக்கிற கொமினிக்கேசன் கடைகள்தான் பலருக்கு அஞ்சல் அலுவலகம். முகவரியை உருவாக்கிக் கொடுத்ததும் கடைக்காரப் பிள்ளைதான், கடவுச்சொல் எழுதிய துண்டை வைத்திருப்பதும் அவர்தான்.

அப்படி ஒரு கடையில் நான் நின்றபோது ஒரு பெண் வந்து, "தம்பி, ஏதும் வந்திருக்கோ?" என்று கேட்டார். மகனுக்கு ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். தம்பி கணினியில் ஜீமெயிலைத் திறந்தார். இன்பொக்ஸில் கூகுளின் பாதுகாப்பு அறிவித்தல் ஒன்றும் ஒரு போன் கம்பனியின் விளம்பரமும் மட்டும். "ஒண்டும் வரேல்லை அக்கா." அவர் பணம் எடுக்கக் கைப்பையைத் திறந்தார். "ஸ்பாமையும் ஒருக்காப் பாருங்கோ" என்றேன். இடப்பக்கப் பட்டியலில் 'மோர்' என்பதை அழுத்தினால்தான் அந்தப் பெட்டியே தெரியும். உள்ளே ஒன்பது கடிதங்கள். எட்டு குப்பை. ஒன்பதாவது கொழும்பிலிருந்து ஒரு அரச நிறுவனம் சிங்களத்தில் அனுப்பியது. நேர்முகத் தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது. அந்த அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தம்பி வாசித்துச் சொன்னார்.

கடிதத்தின் மேலே ஜீமெயில் ஒரு காரணம் போட்டிருந்தது. இந்தக் கடிதம் நீங்கள் வழக்கமாகப் பெறும் கடிதங்களின் மொழியில் இல்லை என்பது அதன் சாரம். ஸ்பாமுக்குள் ஒரு கடிதம் ஏன் போனது என்று விளக்கும் இந்த வரிகளை ஜீமெயில் 2012 முதல் காட்டிவருகிறது. மோசடிக் கடிதங்களோடு ஒத்திருக்கிறது, அனுப்பியவர் யாரென்று உறுதிசெய்ய முடியவில்லை என்பவை போன்ற காரணங்களோடு மொழிக் காரணமும் அந்தப் பட்டியலில் உண்டு. நம்மில் பலர் அந்த வரியை வாசித்ததே இல்லை.

இதை நான் வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்று கடந்துபோக மாட்டேன். தமிழிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் மட்டும் கடிதம் பெறுகிற ஒருவருக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வரும் சிங்களக் கடிதம் எது? பெரும்பாலும் அரசாங்கத்திடமிருந்து வருவது. மிக அவசியமான கடிதமே பழக்கமில்லாத கடிதமாகவும் இருக்கிறது. வடிகட்டி அந்நியமானதைச் சந்தேகிக்கப் பழக்கப்பட்டது, அதனால் அதையே பிடிக்கிறது. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் சொன்னது. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உள்ள உரிமையை 1988 இன் 16 ஆவது திருத்தம் விரித்துரைத்தது. அந்த உரிமை நடைமுறையில் இருந்திருந்தால் அந்தக் கடிதத்துக்கு மொழிச் சந்தேகமே வந்திருக்காது.

தலைமன்னாருக்குத் தெரிந்த கதை

தடுத்து நிறுத்திப் பார்த்து, பிறகு உள்ளே விடுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1914 பெப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் பியர் வரை கப்பல், பிறகு கொழும்புக்கு ரயில் என்று ஒரே சீட்டில் பயணம் தொடங்கியது. பெயரே போட் மெயில். ஆட்களோடு தபால் மூட்டைகளும் அந்த வழியில் வந்தன.

ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி வரவில்லை. தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களை, அக்கரையில் மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே நடத்திய முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைத்து, கொலராவும் அம்மையும் பிளேக்கும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கப்பலில் ஏற்றினார்கள். நோய் உள்ளவரும் இல்லாதவரும் அங்கே ஒன்றாகக் காத்திருந்தார்கள். எங்கிருந்து வருகிறார் என்பதே சந்தேகத்துக்குப் போதுமாக இருந்தது. ஸ்பாம் பெட்டி செய்வதும் இதைத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. மண்டபத்தில் ஆளைப் பரிசோதித்து விடுவிக்க ஒரு வைத்தியர் இருந்தார். ஸ்பாம் பெட்டியில் அந்த வேலை நமக்கு விடப்பட்டிருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி 1984 வரை ஓடியது. 1990 இல் தலைமன்னார்ப் பாதையில் ரயிலும் நின்றது. 2015 மார்ச் 14 இல்தான் பியர் நிலையத்துக்கு மறுபடி ரயில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கடிதத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து களைத்த தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. வந்து சேர்ந்த கடிதத்தை வாசிக்காமலே இழப்பது அவர்களுக்கு நேரக்கூடாத அநியாயம்.

வடிகட்டி எப்படி முடிவெடுக்கிறது?

கேட்காமல் அனுப்பப்பட்ட முதல் விளம்பர மின்னஞ்சல் 1978 மே 3 அன்று போனது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பனியின் விற்பனையாளர் கேரி துவெர்க், புதிய கணினிகளைப் பார்க்க வரும்படி அர்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். கோபித்தவர்களும் இருந்தார்கள், வாங்கியவர்களும் இருந்தார்கள். வாங்கியவர்கள் இருந்ததுதான் பிற்பாடு வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

2002 இல் போல் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய ஒரு கட்டுரை வடிகட்டிகளின் போக்கை மாற்றியது. எந்தச் சொல் குப்பைக் கடிதங்களில் அதிகம் வருகிறது, எந்தச் சொல் நல்ல கடிதங்களில் அதிகம் வருகிறது என்று பயனர் பிரித்துக் காட்டிய கடிதங்களிலிருந்தே கணக்கிட்டு, புதுக் கடிதம் குப்பையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடும் முறை அது. இன்றைய வடிகட்டிகள் அதைவிட எவ்வளவோ சிக்கலானவை. அனுப்பும் கணினியின் நற்பெயர், கடிதத்தில் உள்ள இணைப்புகள், அந்த முகவரியை எத்தனை பேர் ஸ்பாம் என்று குறித்தார்கள் என்பதெல்லாம் சேரும். அடிப்படை மாறவில்லை: அது நம்மிடமிருந்து கற்கிறது. நாம் ஒரு நல்ல கடிதத்தை மீட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு பாடம் சொல்கிறோம்.

தமிழுக்கென்று ஒரு தனித் துன்பமும் உண்டு. இலங்கையின் தமிழ் அலுவலகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் சாகவில்லை. பாமினியில் தட்டச்சு செய்த வரியை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டினால், பெறுபவரின் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு பொருளற்ற வரிசைதான் தெரியும். மனிதருக்கே விளங்காத அந்தத் தலைப்பு வரியை எந்த வடிகட்டி நம்பும்? யுனிகோடில் எழுதுங்கள் என்று எழுத்துருக்காரர்கள் இருபது வருடமாகச் சொல்லிவருவது அழகுக்காக அல்ல.

அடுத்தது அனுப்புபவரின் அடையாளம். ஒரு நிறுவனத்தின் பெயரில் யாரும் கடிதம் அனுப்பலாம் என்ற நிலையை மாற்ற எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று ஏற்பாடுகள் உண்டு. இந்தக் கணினிகளிலிருந்து மட்டும்தான் எங்கள் கடிதம் வரும், இதுதான் எங்கள் முத்திரை, முத்திரை பொருந்தாவிட்டால் இப்படிச் செய்யுங்கள் என்று அந்த நிறுவனம் தன் இணையப் பெயரோடு பதிந்துவைக்கும் குறிப்புகள் அவை. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதை இறுக்கின. ஒரு நாளில் 5,000 கடிதங்களுக்கு மேல் ஜீமெயிலுக்கு அனுப்புபவர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், குறைவாக அனுப்புபவருக்கும் முதலிரண்டில் ஒன்றாவது வேண்டும். சொந்த இணையப் பெயர் வாங்கிவிட்டு இந்தப் பதிவைச் செய்யாமல் விட்ட பாடசாலை, சங்கம், சிறு கம்பனி அனுப்பும் உண்மையான கடிதம் சந்தேகத்துக்கு உள்ளாவது அதனால்தான். அரை மணி நேர வேலை. இணையத்தளம் செய்து கொடுத்தவரிடம் இன்றே கேட்கலாம்.

தேடுவது எப்படி

போனில் ஜீமெயிலைத் திறந்து மேலே இடப்பக்கம் உள்ள மூன்று கோடுகளைத் தொடுங்கள். பட்டியல் நீளமானது. கீழே, கீழே போக வேண்டும். 'ஓல் மெயில்' என்று ஒன்று வரும், அதை நம்பி நின்றுவிட வேண்டாம். பெயர் அப்படி இருந்தாலும் ஸ்பாமும் குப்பைத்தொட்டியும் அதில் சேராது. அதற்கும் கீழேதான் ஸ்பாம்.

பலர் இடறும் இடம் தேடல் பெட்டி. அனுப்பியவரின் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவுகட்டுகிறார்கள். சாதாரணத் தேடல் ஸ்பாமுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் 'இன்', உடனே ஒரு முக்காற்புள்ளி, உடனே 'எனிவேர்' என்று இடைவெளி விடாமல் தட்டி, ஒரு இடம் விட்டுத் தேடும் சொல்லைப் போட்டால் ஸ்பாம், குப்பைத்தொட்டி உட்பட எல்லா இடத்தையும் துழாவும். கடைக்காரத் தம்பிமார் இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தாலே எத்தனையோ கடிதங்கள் பிழைக்கும்.

கண்டுபிடித்த கடிதத்தை வாசித்துவிட்டு அப்படியே விடக்கூடாது. 'நொட் ஸ்பாம்' என்பதை அழுத்தினால்தான் அது இன்பொக்ஸுக்கு வரும், அழியாமல் தப்பும். அனுப்பியவரைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் அந்த முகவரியிலிருந்து வருவது ஒருபோதும் ஸ்பாமுக்குப் போகக்கூடாது என்று கட்டளை போடவும் முடியும். ஆனால் அந்த வடிகட்டிக் கட்டளையைக் கணினியில்தான் போடலாம், போன் செயலியில் இடமில்லை.

ஸ்பாமில் இல்லாத கடிதம் 'புரொமோஷன்ஸ்' பிரிவில் இருக்கலாம், அதையும் பாருங்கள். கூகுள் தரும் இலவச இடம் 15 ஜிபி. வாட்ஸ்அப் சேமிப்பும் படங்களும் அதை நிரப்பிவிட்டால் புதுக் கடிதம் எதுவும் உள்ளே வராது, திரும்பிப் போகும். இரண்டு வருடம் திறக்காத கணக்கை நீக்கும் கொள்கையையும் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. பழைய பாணியில் 'பொப்' முறையில் கடிதங்களை அவுட்லுக்குக்கு இறக்கி வாசிக்கும் சங்க அலுவலகங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வழியில் ஸ்பாம் கடிதங்கள் இறங்காது. உலாவியில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மீட்புக்கான தொலைபேசி இலக்கம் கடைக்காரரின் இலக்கமாக இருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். தம்பி நல்லவர்தான். ஆனால் அவர் நாளைக்குக் கட்டாருக்குப் போய்விட்டால் உங்கள் கணக்குக்குள் நீங்களே போக முடியாது.

எல்லாவற்றையும் மீட்க வேண்டாம்

ஸ்பாமுக்குள் பார்க்கச் சொல்லும் எவரும் அடுத்த மூச்சில் எச்சரிக்கவும் வேண்டும். அங்கே இருப்பதில் பெரும்பங்கு உண்மையிலேயே விஷம். பொதி காத்திருக்கிறது, கட்டணம் கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் செய்திகள் நாட்டில் பலருடைய வங்கி அட்டையைக் காலி செய்திருக்கின்றன. அமெரிக்க விசா லொத்தரில் தெரிவாகியிருக்கிறீர்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அது பொய். தெரிவானவர்களுக்கு அந்த நாடு மின்னஞ்சலில் அறிவிப்பதில்லை, விண்ணப்பித்தவர்தான் உறுதி இலக்கத்தை வைத்து அதிகாரபூர்வத் தளத்தில் பார்க்க வேண்டும்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெண், யாரோ அனுப்பியதாகச் சொன்ன வேறொரு கடிதத்தைத் தேடி ஸ்பாமுக்குள் போனார். அங்கே லொத்தர் சபையின் கடிதம் ஒன்று கிடந்தது: 30 இலட்சம் டாலர் பரிசு. அவர் செய்ததைக் கவனியுங்கள். கடிதத்தை நம்பவில்லை. தான் சீட்டு வாங்கிய லொத்தர் கணக்குக்குத் தானே போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே செய்தி இருந்தது, அதன் பிறகே நம்பினார். ஸ்பாமில் கிடைக்கும் எந்தக் கடிதத்துக்கும் இதுதான் வழி. உள்ளே இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களாகவே போங்கள், அல்லது உங்களுக்கு முன்பே தெரிந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத எதற்கும் உங்களுக்குக் கடிதம் வரக் காரணமில்லை.

'ஸ்பாமில் கிடந்தது' என்றால் விடுவார்களா?

ஃபுளோரிடாவின் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 இல் இதற்குப் பதில் சொன்னது. ஒரு சட்டத்தரணிகள் அலுவலகத்தின் வடிகட்டி, நீதிமன்றம் அனுப்பிய கட்டளையைக் குப்பை என்று கருதி எவருக்கும் சொல்லாமல் அழித்துவிட்டது. மேன்முறையீட்டுக் காலம் கடந்தது. அப்படி அழிக்கும் அமைப்பு ஆபத்தானது என்று கணினி ஆலோசகர் முன்பே எச்சரித்திருந்தும் அலுவலகம் கேட்கவில்லை என்பது வெளியானதும், நீதிமன்றம் சலுகை தர மறுத்தது.

நமக்கு நெருக்கமானது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். காற்றாலை எங்கே வருகிறது, கனிய மணல் அகழ அனுமதி யாருக்கு, வீதிக்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று கேட்க மன்னார் மக்களுக்கு இன்று கையில் இருக்கும் கூர்மையான கருவி அது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள். பதில் மின்னஞ்சலில் வந்து ஸ்பாமுக்குள் படுத்துவிட்டால் இந்த நாட்கள் உங்களுக்குத் தெரியாமலே ஓடும். விண்ணப்பம் போட்டவர் மூன்று நாளைக்கு ஒருமுறையாவது ஸ்பாமைப் பார்ப்பது நல்லது. தபால் முகவரியையும் சேர்த்துக் கொடுத்து, கடிதத்திலும் பதில் வேண்டும் என்று எழுதுவது அதைவிட நல்லது.

அரச பக்கத்திலும் கடிதங்கள் காணாமல் போவது உண்டு. 2023 இல் லங்கா அரச முகில் கட்டமைப்பில் கப்பம் கேட்கும் நச்சுநிரல் புகுந்ததில், அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 5,000 முகவரிகள். அந்தக் காலப்பகுதியில் ஏதாவது அலுவலகத்துக்கு எழுதிவிட்டுப் பதிலில்லை என்று கைவிட்டவர்கள், அனுப்பிய பிரதியை இணைத்து மறுபடி எழுதலாம். அது உங்கள் 'சென்ட்' பெட்டியில் இன்னும் இருக்கும்.

கச்சேரிக்கும், பிரதேச செயலகங்களுக்கும், கொழும்பிலுள்ள திணைக்களங்களுக்கும், ஆட்களைத் தெரிவுசெய்யும் நிறுவனங்களுக்கும் கேட்க இருப்பது இதுதான். கடிதத்தின் தலைப்பு வரியைத் தமிழிலும் எழுதுங்கள். யுனிகோடில் எழுதுங்கள். உங்கள் இணையப் பெயருக்கு உரிய பதிவுகளைச் செய்யுங்கள். விண்ணப்பப் படிவத்தில் தொலைபேசி இலக்கம் கேட்டுத்தானே வாங்குகிறீர்கள்? மின்னஞ்சல் அனுப்பிய அன்றே, 'உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம், ஸ்பாமிலும் பாருங்கள்' என்று அந்த இலக்கத்துக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவிடுங்கள்.